தேத்தண்ணி, சாப்பாடு, நிறை: கர்ப்பகாலத்தில் மூன்றும் ஒரே கணக்கு

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் பிள்ளைத்தாச்சி என்று தெரிந்த அன்றே வீட்டில் இரண்டு புத்திமதிகள் வந்துவிடும். ஒன்று, "கோப்பி குடியாதை, சூடு." மற்றது, "இனி ரெண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு." முதலாவதில் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் காரணம் சூடு இல்லை. இரண்டாவதில் உண்மை இன்னும் குறைவு. கோப்பியை நிறுத்திய கையோடு அதே பெண்ணுக்கு நாளுக்கு ஐந்து தரம் சீனி போட்ட தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார்கள். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. உண்மையில் எங்கள் வீடுகளில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது அந்தத் தேத்தண்ணியைத்தான். கபீன், இரும்புச்சத்து, நிறை ஆகிய மூன்றையும் அது தொடுகிறது.

கபீன் உடலில் என்ன செய்கிறது

தேயிலை, கோப்பிக்கொட்டை, கொக்கோ மூன்றிலும் இயற்கையாகவே உள்ள பொருள் கபீன். குடித்த கபீனை ஈரல்தான் உடைத்து வெளியே அனுப்புகிறது. சாதாரணமாக ஒருவரின் இரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் எடுக்கும். கர்ப்பம் வளர வளர அதை உடைக்கும் நொதியம் மந்தமாகிக்கொண்டே போகும். கடைசி மூன்று மாதத்தில் அதே வேலைக்கு 15 மணித்தியாலம் அளவில் தேவைப்படலாம். காலை ஆறு மணிக்குக் குடித்த கோப்பியில் பாதி, இரவு ஒன்பது மணிக்குப் படுக்கப்போகும்போதும் உடம்பில் நிற்கிறது என்று அர்த்தம். "முந்தி எத்தனை கோப்பி குடிச்சாலும் நித்திரை வரும், இப்ப வருதில்லை" என்று ஏழாம் எட்டாம் மாதத்தில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நச்சுக்கொடி கபீனைத் தடுக்காது. தாயின் இரத்தத்தில் இருப்பது பிள்ளைக்கும் போய்ச் சேரும். அதை உடைக்கும் நொதியம் பிள்ளையிடம் இன்னும் உருவாகவில்லை. அளவு கூடக் கூட, பிள்ளையின் நிறை குறைந்து பிறக்கும் வாய்ப்பும் கருச்சிதைவுக்கான வாய்ப்பும் கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இதனால்தான் பிரித்தானியா 2008இல் கர்ப்பிணிகளுக்கான நாளாந்த எல்லையை 300 மில்லிகிராமிலிருந்து 200 மில்லிகிராமாகக் குறைத்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பும் 2015இல் 200ஐயே சொன்னது. உலக சுகாதார அமைப்பின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டல், 300க்கு மேல் எடுப்பவர்கள் குறைக்க வேண்டும் என்கிறது. நாங்கள் 200ஐ வேலியாக வைத்துக்கொள்வோம். வேலிக்கு எவ்வளவு உள்ளே நிற்கிறோமோ அவ்வளவு நல்லது.

ஒரு கப்பில் எவ்வளவு

பால் விட்டாலும் விடாவிட்டாலும் ஒரு சாதாரண கப் தேத்தண்ணியில் 40 முதல் 50 மில்லிகிராம் கபீன் இருக்கும். சாயம் கடுமையாக இறக்கிப் பெரிய மக்கில் ஊற்றினால் 75 வரை போகும். பால் கபீனைக் குறைக்காது, நிறத்தை மட்டும்தான் மாற்றும். உடனடிக் கோப்பித்தூளில் ஒரு மட்டத் தேக்கரண்டிக்கு 60 அளவில் இருக்கும். கரண்டியைக் குவித்து அள்ளிப் பெரிய மக்கில் கலக்கினால் 100. கொட்டையை அரைத்து வடித்த கோப்பி ஒரு மக் 140 வரை போகும். கோலா ஒரு ரின்னில் 40, சக்திப் பானம் 250 மில்லிலீற்றரில் 80. சக்திப் பானம் கர்ப்பகாலத்தில் வேண்டவே வேண்டாம். கறுப்புச் சொக்லேற் 50 கிராமில் 25க்குக் குறைவு, பால் சொக்லேற்றில் 10க்கும் குறைவு. மைலோ போன்ற கொக்கோப் பானங்களில் இருப்பது மிகச் சொற்பம்.

மல்லிக்கோப்பிக்குத் தனியாக ஒரு சொல். கொத்தமல்லி, வேர்க்கொம்பு, மிளகு மட்டும் வறுத்து இடித்ததாக இருந்தால் பெயரில்தான் கோப்பி, கபீன் துளியும் இல்லை. ஆனால் பல வீடுகளில் கோப்பிக்கொட்டையோடு சேர்த்தே மல்லியை வறுத்து இடிக்கிறார்கள். கடையில் வாங்கும் கோப்பித்தூளிலும் இரண்டும் கலந்திருக்கலாம். எனவே அம்மாவிடமோ மாமியிடமோ "இதிலை கோப்பிக்கொட்டை போட்டதோ?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வெறும் மல்லியும் வேர்க்கொம்பும் என்றால், சத்தியும் ஓங்காளமும் உள்ள முதல் மாதங்களுக்கு அது இதமான பானம்.

பலர் கவனிக்காத இடம் மருந்துப் பெட்டி. தலையிடிக்கு விழுங்கும் பரசிற்றமோலில் கபீன் சேர்த்த வகையும் உண்டு. பனடோல் எக்ஸ்ட்ரா ஒரு குளிசையில் 65 மில்லிகிராம் கபீன் இருக்கிறது. இரண்டு போட்டால் 130. கர்ப்பிணிக்கு அந்த வகை பொருந்தாது. பாமசியில் கேட்கும்போது கபீன் இல்லாத சாதாரண பரசிற்றமோல் என்று சொல்லி வாங்குங்கள்.

இப்போது ஒரு நாளைக் கூட்டிப் பார்ப்போம். விடிய எழும்பியவுடன் பால்தேத்தண்ணி, பத்து மணிக்கு ஒரு பிளேன்ரீ, நாலு மணிக்குப் பனங்கட்டியோடு இன்னொன்று, பொழுதுபட்ட பிறகு யாராவது வந்தால் அவர்களோடு ஒன்று. நான்கு கப், 50 வீதம் 200. வேலியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. இதற்குள் ஒரு நெஸ்கபேயைக் கூட்டினால் வேலி தாண்டியாயிற்று. இரண்டு தேத்தண்ணி, அல்லது ஒரு தேத்தண்ணியும் சின்னக் கப்பில் ஒரு கோப்பியும் என்று வைத்துக்கொண்டால் கணக்குப் பார்க்கவே தேவையில்லை.

ஐந்தாறு கப் பழகியவர்கள் ஒரேநாளில் நிறுத்த வேண்டாம். நிறுத்திய 12 முதல் 24 மணித்தியாலத்துக்குள் தலையிடி தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், சிலருக்கு ஒரு கிழமைவரை இழுக்கும். ஏற்கெனவே சத்தியோடு இருப்பவளுக்கு அது தேவையில்லாத வதை. இரண்டு நாளுக்கு ஒரு கப் வீதம் குறையுங்கள். முதலில் நிறுத்த வேண்டியது இரவுக் கப். கபீனில் பெரும்பகுதி முதல் சில நிமிடங்களிலேயே தண்ணீருக்குள் இறங்கிவிடும். அதனால் சாயத்தை நேரத்தோடு வடித்தெடுப்பதைவிடத் தூளைக் குறைத்துப் போடுவதுதான் பயன் தரும்.

தேத்தண்ணியும் இரும்புக் குளிசையும்

கபீன் கணக்கில் தேறிவிடும் பெண்கூட இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறாள். தேயிலையில் உள்ள தனின் வகைப் பொருட்கள், கீரை, பருப்பு, தானியம், குளிசை ஆகியவற்றின் இரும்புச்சத்தைக் குடலுக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் அந்த இரும்பில் உடம்புக்குள் போகும் பங்கு பாதிக்கும் கீழே விழலாம். காலையில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக் கை கழுவ முன்னமே தேத்தண்ணி வந்துவிடும் வீடுகளில், முருங்கையிலை வறுத்தும் பருப்பு அவித்தும் பட்ட பாட்டில் பெரும்பகுதி வீண்.

கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு கூடுகிறது, பிள்ளைக்கும் இரும்பு வேண்டும். ஹீமோகுளோபின் முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் 11க்குக் கீழே, நடு மூன்று மாதத்தில் 10.5க்குக் கீழே போனால் இரத்தச்சோகை. அதைத் தடுக்கத்தான் கிளினிக்கில் இரும்பும் போலிக் அமிலமும், விற்றமின் சி, கல்சியம் என்று குளிசைகள் தருகிறார்கள். அவற்றை எப்படி விழுங்குகிறோம் என்பதில்தான் பலன் இருக்கிறது.

இரும்பும் கல்சியமும் ஒன்றையொன்று தடுக்கும். ஆகவே கல்சியத்தைக் காலைச் சாப்பாட்டோடும், இரும்பையும் விற்றமின் சியையும் இரவிலும் எடுங்கள். விழுங்குவது வெறும் தண்ணீரில். பாலிலோ தேத்தண்ணியிலோ விழுங்கக் கூடாது. பால்தேத்தண்ணியில் விழுங்கினால் கல்சியமும் தனினும் சேர்ந்து இரட்டைத் தடை. குளிசைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணித்தியாலம், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி இல்லாமல் இருந்தால் போதும். பத்து மணிக்கும் நாலு மணிக்கும் குடிப்பது நல்ல நேரம், எங்கள் ஊர்ப் பழக்கத்துக்கும் அது ஒத்துவரும்.

இரும்பு எடுத்தால் மலம் கறுப்பாகப் போகும், பயப்படத் தேவையில்லை. வயிறு இறுகினால் தண்ணீரையும் பழத்தையும் கூட்டுங்கள். வயிற்றைப் பிரட்டினால் சாப்பிட்ட பிறகு படுக்கப்போகும் நேரத்துக்கு மாற்றுங்கள். எதற்கும் மசியவில்லையென்றால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி வேறு வழி கேட்க வேண்டும். குளிசையை மேசை லாச்சிக்குள் சேர்த்து வைத்துவிட்டு "ஓம், குடிக்கிறன்" என்று சொல்வதால் நட்டம் தாய்க்கும் பிள்ளைக்கும்தான்.

உணவில் இரும்பைக் கூட்ட ஒரு சிறு கைவேலை போதும். முருங்கையிலையோ பொன்னாங்காணியோ வறை செய்து, அடுப்பால் இறக்கி ஆவி அடங்கியபின் தேசிக்காய்ப் புளி விடுங்கள். அடுப்பில் இருக்கும்போதே விட்டால் விற்றமின் சி வெப்பத்தில் அழிந்துவிடும். அந்த விற்றமின்தான் கீரையின் இரும்பை உள்ளே இழுத்துக்கொள்ள உதவுகிறது. சாப்பிட்ட பிறகு ஒரு கொய்யாப்பழம் கடித்தாலும் அதே வேலை நடக்கும். கீரையோடு ஒரு துண்டு மீனோ இறைச்சியோ சேர்ந்தால் இன்னும் நல்லது.

தேத்தண்ணிக்குள் இருக்கும் நிறை

ஒரு தேக்கரண்டி சீனி 4 கிராம், ஏறக்குறைய 16 கலோரி. கப்புக்கு இரண்டரைக் கரண்டி, நாளுக்கு ஐந்து கப் என்றால் 50 கிராம் சீனி, 200 கலோரி. உலக சுகாதார அமைப்பு நாள் முழுவதற்கும் சொல்லும் உச்ச எல்லையும் ஏறக்குறைய அதே 50 கிராம்தான். 25க்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது. ரின்பால் விட்டால் சீனி அதற்கும் மேல். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடிப்பது நல்ல பழக்கம்தான், சின்னத் துண்டாக இருக்கும்வரை. கலோரிக்கணக்கில் பனங்கட்டியும் சீனியும் அண்ணன் தம்பி. பனங்கட்டி என்பதற்காக நீரிழிவு விட்டுவிடாது.

"ரெண்டு பேருக்குச் சாப்பிடு" என்பது இங்கேதான் பிழைக்கிறது. முதல் மூன்று மாதம் கூடுதலாக ஒன்றுமே தேவையில்லை. அமெரிக்கக் கணக்கின்படி நடு மூன்று மாதத்தில் நாளுக்கு 340 கலோரி, கடைசி மூன்று மாதத்தில் 450 கூடுதலாக வேண்டும். பிரித்தானியா இன்னும் இறுக்கம், கடைசி மூன்று மாதத்தில் 200 மட்டும் என்கிறது. 340 என்பது ஒரு முட்டை, ஒரு கப் பால், ஒரு கை நிறைய அவித்த கடலை. இன்னொரு கோப்பை சோறு தேவையில்லை. அந்தக் கூடுதலைச் சீனியில் எடுத்தால் பிள்ளைக்குப் போவது வெறும் கலோரி. அதையே பயறு, கடலை, முட்டை, மீன், பாலில் எடுத்தால் புரதமும் இரும்பும் கல்சியமும் சேர்ந்து போகும்.

எவ்வளவு நிறை கூடவேண்டும்

இது எல்லோருக்கும் ஒன்றல்ல. கர்ப்பத்துக்கு முன்னிருந்த நிறையையும் உயரத்தையும் வைத்து உடற்திணிவுச் சுட்டெண் பார்க்கவேண்டும். கிலோகிராமில் நிறையை, மீற்றரில் உயரத்தால் இரண்டு தரம் பிரிப்பதுதான் கணக்கு. 155 சென்ரிமீற்றர் உயரமும் 50 கிலோவும் உள்ளவருக்கு, 50ஐ 1.55ஆல் பிரித்து, வருவதை மறுபடி 1.55ஆல் பிரித்தால் 20.8. இது 18.5க்கும் 24.9க்கும் இடையே, சரியான நிறை. இவருக்குப் பிள்ளை பிறக்கும்வரை 11.5 முதல் 16 கிலோ கூடவேண்டும். 158 சென்ரிமீற்றரும் 44 கிலோவும் உள்ளவருக்கு 17.6 வரும், நிறை குறைவு. இவருக்கு 12.5 முதல் 18 கிலோ. 150 சென்ரிமீற்றரும் 60 கிலோவும் என்றால் 26.7, இவருக்கு 7 முதல் 11.5 போதும். சுட்டெண் 30க்கு மேலென்றால் 5 முதல் 9. இவை அமெரிக்க மருத்துவக் கழகம் 2009இல் வெளியிட்ட எல்லைகள். இரட்டைப் பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு.

முதலாவது கிளினிக்குக்கு 12 கிழமைக்கு முன் போகவேண்டும் என்று வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். பிந்திப் போனால் தொடக்க நிறையே தெரியாமல் போய்விடும். பிறகு எல்லாம் ஊகம்தான்.

கூடுகிற நிறை எங்கே போகிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. சராசரி 12.5 கிலோவில் பிள்ளை மூன்று சொச்சம். நச்சுக்கொடி அரைக் கிலோவுக்குச் சற்று மேல், பிள்ளையைச் சுற்றியுள்ள பன்னீர்க்குட நீர் முக்கால் கிலோவுக்கு மேல், பெருத்த கருப்பை ஒரு கிலோ. கூடிய இரத்தமும் உடல் நீரும் சேர்ந்து மூன்று கிலோ அளவில், மார்பு அரைக் கிலோ. மிச்சம் மூன்று கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான கொழுப்பு, பால் கொடுக்கும் காலத்துக்கான சேமிப்பு. "எல்லாம் கொழுப்பாப் போச்சு" என்று கவலைப்பட்டுச் சாப்பாட்டைக் குறைப்பது பிழை. நிறை கூடிய தாயும் கர்ப்பத்தில் மெலிய முயலக் கூடாது, கூடும் வேகத்தை மட்டும்தான் கட்டுப்படுத்தலாம்.

வேகம் என்றால், முதல் மூன்று மாதம் முழுவதற்கும் அரை முதல் 2 கிலோ. அதன்பின் சரியான நிறையுள்ளவருக்குக் கிழமைக்கு 400 கிராம் அளவில், ஒரு மாதத்துக்கு 1.5 முதல் 2 கிலோ. வீட்டில் நிறுப்பதானால் ஒரே தராசில், காலையில், சலம் கழித்தபின், இலேசான உடுப்போடு, கிழமைக்கு ஒருதரம். கடைத் தராசில் ஒன்றும் கிளினிக் தராசில் ஒன்றுமாக நிறுத்துவிட்டு ஒப்பிட வேண்டாம்.

சத்தியால் தொடக்கத்தில் ஒன்றரைக் கிலோ குறைவது வழமை. ஆனால் தொடக்க நிறையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல், 50 கிலோக்காரருக்கு இரண்டரைக் கிலோ குறைந்து, சலமும் கடும் மஞ்சளாகப் போய், தண்ணீரும் வயிற்றில் தங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மறுபக்கம், 20 கிழமைக்குப் பிறகு ஒரே கிழமையில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறி, முகமும் கையும் வீங்கி, தலையிடி, பார்வை மங்கல், நெஞ்சுக்குக் கீழே வலி என்று வந்தால் அது சாப்பாட்டு நிறை இல்லை. இரத்த அழுத்தம் ஏறும் நோயாக இருக்கலாம். அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றே போங்கள்.

கோப்பையில் எதை, எவ்வளவு

சோறோ புட்டோ இடியப்பமோ கோப்பையில் பாதிக்குக் குறைவாக இருக்கட்டும். மற்றப் பாதியில் ஒரு பங்கு மரக்கறியும் கீரையும், ஒரு பங்கு மீன், முட்டை, பருப்பு. குத்தரிசிச் சோறும் குரக்கன் புட்டும் வெள்ளை மாவைவிட நெடுநேரம் தாங்கும். குரக்கனில் கல்சியமும் நிறைய உண்டு. வெள்ளை இடியப்பமும் சொதியும் மட்டும் என்றால் இரண்டு மணித்தியாலத்தில் பசிக்கும், அந்தப் பசிக்குத்தான் பிஸ்கற்றும் தேத்தண்ணியும் வருகின்றன. சொதிக்குள் ஒரு முட்டையோ நாலு துண்டு மீனோ போட்டால் அந்தப் பசி பின்னுக்குப் போகும். 24 முதல் 28 கிழமைக்குள் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் நீரிழிவுச் சோதனையைத் தவறவிட வேண்டாம்.

கிளினிக்கில் திரிபோஷா என்னும் சத்துமா கிடைக்கும்போது மாதத்துக்கு 750 கிராம் பைக்கற் இரண்டு, அதாவது நாளுக்கு 50 கிராம். இது தாய்க்கென்று அளந்தது. வீட்டிலுள்ள எல்லோருக்கும் உருண்டை பிடித்தால் அவளுக்கு மிஞ்சுவது ஒன்றிரண்டு உருண்டைதான்.

பழுத்த பப்பாப்பழம் தாராளமாகச் சாப்பிடலாம். பால் வடியும் காயைத்தான் தவிர்க்க வேண்டும். வழமையாகச் சாப்பிடும் அளவில் அன்னாசியும் எள்ளுருண்டையும் கருவைக் கலைக்காது. பாலைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், முட்டையை மஞ்சள் இறுகும்வரை அவியுங்கள். ஈரலில் விற்றமின் ஏ அளவுக்கு மிஞ்சி இருப்பதால், "இரத்தம் ஊறும்" என்று அதைக் கொடுக்க வேண்டாம். மீனிலும் கீரையிலும் கிடைக்கும் இரும்பு போதும்.

மீனில் சின்னதே சிறந்தது. நெத்தலி, சூடை, கீரிமீன், சாளை ஆகியவற்றில் பாதரசம் குறைவு. முள்ளோடு மென்றால் கல்சியமும் கிடைக்கும். சூரை கிழமைக்கு இரண்டு துண்டுக்கு மேல் வேண்டாம். சுறாவும், மூக்கு வாள்போல் நீண்ட பெரிய மீன்களும் மற்ற மீன்களைத் தின்று நெடுநாள் வாழ்பவை, பாதரசம் அவற்றின் சதையில் சேர்ந்துகொண்டே போகும். அது பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதால் கர்ப்பம் முழுவதும் அவை விலக்கு.

பிள்ளை பிறந்ததும் பால் சுரக்க என்று முதலில் சமைப்பதே சுறாவறைதான். பால் கொடுக்கும் காலத்தில் கிழமைக்கு ஒருதரம் என்ற அளவில், சின்னப் பால்சுறாவாகப் பார்த்து வாங்கிச் செய்யலாம். தேத்தண்ணிக்கு அந்த 200 மில்லிகிராம் எல்லை அப்போதும் உண்டு. பாலுக்குள் கொஞ்சம் கபீன் போகும். அது பச்சைக் குழந்தையின் உடம்பில் பாதியாகக் குறையவே மூன்று நாலு நாள் எடுக்கும். பிள்ளை காரணமில்லாமல் நித்திரை கொள்ளாது அழுதால், தாய் அன்று குடித்த கப்புகளை ஒருதரம் எண்ணிப் பாருங்கள்.